வீடு தேடும் படங்கள்

பம்பாயில் ஓவியர்கள் எடுத்த படங்கள் அரசு அலுவலகத்திலும் அடுக்குமாடி வீட்டிலும் மொட்டை மாடியிலும் ஒண்டிக்குடித்தனம் நடத்தியவை. அவற்றின் தடம் பிடித்து மும்பையிலிருந்து பெங்களூர் வரை ஒரு பயணம்.

மும்பையின் பெட்டர் ரோட்டில் நடந்து போகிறவர்கள் குறைவு. மேட்டிலிருந்து இறங்கும் கார்களும் தெற்கே அலுவலகங்களுக்கு விரையும் டாக்சிகளும் சாலையைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொண்டுவிட்டன. அந்த இரைச்சலை ஒட்டி, 24ஆம் எண் வளாகத்தில், 19ஆம் நூற்றாண்டு பங்களா ஒன்று நிற்கிறது. பெயர் குல்ஷன் மஹால். பக்கத்திலேயே பல மாடி அரசுக் கட்டடம். 2019 ஜனவரியில் இந்த வளாகத்தில் இந்திய சினிமாவுக்கான தேசிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வருகிறவர்கள் பழைய கேமராக்களையும் போஸ்டர்களையும் பார்த்துவிட்டு, நட்சத்திரங்களின் படங்களுக்கு முன்னால் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அவர்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்திய சினிமாவின் மிக விசித்திரமான சில படங்கள் வெளிவந்தது இந்த வளாகத்தில் இருந்த ஓர் அரசு இலாகாவிலிருந்துதான். கதாநாயகன் கிடையாது, பாட்டு கிடையாது, பல படங்களில் வசனமும் கிடையாது. எடுத்தவர்களில் சிலர் சினிமாக்காரர்களே அல்ல. தூரிகை பிடித்தவர்கள்.

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர்களுக்கு பிலிம்ஸ் டிவிஷனை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1948இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனத்தின் செய்திப் படங்களும் டாகுமெண்டரிகளும் மெயின் படத்துக்கு முன்னால் ஓடும். தியேட்டர்காரர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் ஓட்டியே தீர வேண்டும். லைசென்ஸ் நிபந்தனை அப்படி. அணைக்கட்டுகளும் வெள்ள நிவாரணமும் குடும்பக் கட்டுப்பாடும் தமிழ் உட்படப் பல மொழிகளின் கம்பீரக் குரலில் வந்து போகும். முறுக்கு விற்கும் பையனுக்கு அதுதான் வியாபார நேரம்.

அந்த இயந்திரத்துக்குள் ஒரு ஜன்னல் திறந்தது 60களின் நடுவில். தலைமைத் தயாரிப்பாளர் ஜீன் பவ்நகரி தன்னிடம் இருந்த இளைஞர்களிடம், புதிதாக எதையாவது செய்து பாருங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். விளைவு உடனே தெரிந்தது. கேமராவுக்குப் புதியவரான ஓவியர் எம்.எஃப். ஹுசேன் ராஜஸ்தானுக்குப் போய், ஒரு குடை, ஒரு செருப்பு, ஓர் அரிக்கேன் விளக்கு, ஓர் ஆடு என்று தன் கண்ணில் பட்டதை எல்லாம் கோத்து 'ஒரு ஓவியனின் கண்கள் வழியே' என்ற படத்தை எடுத்தார். 1967இல் பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி அதற்குக் கிடைத்தது.

ஒரிசாவிலிருந்து வந்த பிரமோத் பதி இன்னும் துணிச்சல்காரர். செக்கோஸ்லோவாகியாவில் பொம்மைப் பட மேதை யிர்ஜி ட்ரன்காவிடம் பயின்றவர். அவருடைய 'எக்ஸ்ப்ளோரர்' (1968) ஏழு நிமிடப் படம். ஆடும் இளைஞர்கள், ஆய்வுக்கூடம், வழிபாடு எல்லாம் கண் சிமிட்டும் நேரத்தில் வெட்டி வெட்டிப் பாய்கின்றன. 'ஆபித்' (1972) படத்தில் ஓவியர் ஆபித் சுர்தியையே பொம்மையாக்கி, ஒவ்வொரு ஃப்ரேமாக அசைத்துப் படம் பிடித்தார். 1975இல், நாற்பதுகளின் தொடக்கத்திலேயே பதி காலமானார். அதற்குப் பிறகு பல வருடங்களுக்கு அவர் பெயர் இலாகாவின் கேட்லாக்கில் ஒரு வரியாகத்தான் இருந்தது.

தமிழ் வாசகர்கள் சற்று நிற்க வேண்டிய படம் ஒன்றும் இந்த வரிசையில் இருக்கிறது. ஓவியர் தையேப் மேத்தா 1970இல் பிலிம்ஸ் டிவிஷனுக்காக எடுத்த 16 நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். குஜராத்தில் பிறந்து, பம்பாயில் வளர்ந்து, ஓவியராவதற்கு முன் ஸ்டூடியோவில் ஃபிலிம் வெட்டி ஒட்டும் வேலை பார்த்த மேத்தா, அந்தப் படத்துக்கு வைத்த பெயர் 'கூடல்'. ஆம், நம் தமிழ்ச் சொல்தான். சேர்க்கை என்றும், சந்திக்கும் இடம் என்றும் அதற்குள்ள இரண்டு பொருளும் அவருக்குத் தேவைப்பட்டன. நமக்கோ அது மதுரையின் பழைய பெயரும் கூட. ஆனால் மேத்தாவின் கூடலில் கோபுரங்கள் இல்லை. அன்று பாந்திராவில் இருந்த கசாப்புக் கூடத்தின் மாடுகள் இருக்கின்றன. அவருடைய ஓவியங்களில் காலம் முழுக்க வந்துகொண்டிருந்த அந்தக் கட்டுண்ட காளை, இங்கே நிஜமாகவே தரையில் சாய்கிறது. பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். ஃபிலிம்ஃபேர் விமர்சகர்கள் அதற்குப் பரிசு தந்தார்கள்.

பெட்டர் ரோட்டிலிருந்து கெம்ப்ஸ் கார்னரைத் தாண்டினால் நேப்பியன் ஸீ ரோடு. இன்று சதுர அடியின் விலையைக் கேட்டால் மயக்கம் வரும் பகுதி. இங்கே ஓர் அடுக்குமாடி வீட்டில்தான் 1969இல் இன்னொரு பரிசோதனை தொடங்கியது. ஓவியர் அக்பர் பதம்சிக்கு ஜவாஹர்லால் நேரு ஃபெல்லோஷிப் கிடைத்தது. வேறொருவராக இருந்தால் அந்தப் பணத்தில் நிம்மதியாக இரண்டு வருடம் படம் வரைந்திருப்பார். பதம்சி கேமராவும் புரொஜக்டரும் இருட்டறைச் சாதனங்களும் வாங்கிப் போட்டு, 'விஷன் எக்ஸ்சேஞ்ச் வொர்க்ஷாப்' என்று பெயர் வைத்து, யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்தலாம் என்று கதவைத் திறந்து வைத்தார். ஓவியர்கள், புகைப்படக்காரர்கள், சினிமாக்காரர்கள் வந்தார்கள். ஓர் உளப்பகுப்பாய்வாளர்கூட வந்தார்.

வந்தவர்களிலேயே வயதில் சிறியவர், அப்போதுதான் ஜே.ஜே. ஓவியப் பள்ளியை முடித்திருந்த நளினி மாலானி. அட்டையில் ஒரு கட்டட மாதிரியைச் செய்து, அதன் மீது வண்ண விளக்குகளை மாற்றி மாற்றிப் போட்டு, ஃப்ரேம் ஃப்ரேமாக எடுத்த 'கனவு வீடுகள்' அவருடைய முதல் முயற்சிகளில் ஒன்று. புதிய இந்தியாவில் எல்லோருக்கும் வீடு கிடைக்கும் என்று நம்பிய காலத்தின் படம் அது. 1976இல் அதன் பக்கத்திலேயே இன்னொரு படத்தை ஓட்டினார். அதில் ஒரு பெண் ஜன்னல் வழியே நிஜ பம்பாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இரண்டு படமும் பக்கத்துப் பக்கத்தில் ஓடும்போது அதற்குப் பெயர் 'உட்டோப்பியா'. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2017இல், பாரிஸின் பாம்பிடு மையம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் தொகுத்துக் காட்டியபோது, கணக்கு 1969இலிருந்துதான் தொடங்கியது.

பதம்சி தானும் இரண்டு படங்கள் எடுத்தார். முதலாவது 'ஸிஸிஜி'. சூரியனும் சந்திரனும் பூமியும் ஒரே கோட்டில் நிற்பதைக் குறிக்கும் வானியல் சொல். நம் கணக்கில் அமாவாசையும் பௌர்ணமியும். கோடுகள் புள்ளிகளாகி, புள்ளிகள் வடிவங்களாகி நகரும் மௌனப் படம். இரண்டாவது, 'ஈவண்ட்ஸ் இன் எ க்ளவுட் சேம்பர்'. தன்னுடைய ஓர் ஓவியத்தையே வெளிச்சமாக மாற்றிப் பார்க்கும் முயற்சி. 16 மி.மீ. ஃபிலிம், ஆறு நிமிடம். இருந்தது ஒரே ஒரு பிரதி. டெல்லியில் நடந்த ஒரு கண்காட்சிக்கு அது அனுப்பப்பட்டது. திரும்பி வரவில்லை.

இதில் வேதனையான பகுதி படம் தொலைந்தது அல்ல. தொலைந்ததை யாரும் தேடவில்லை என்பதுதான். எத்தனை பேர் பார்த்திருப்பார்கள் அந்தப் படத்தை? ஒரு வீட்டுக் கூடத்தில் கூடிய நண்பர்கள், ஒருசில காட்சிகளுக்கு வந்த சிலர். எம்.ஜி.ஆர். படத்தின் ஒரு ரீல் காணாமல் போனால் ஊரே கேட்கும். பார்க்கப்படாத படத்தைப் பற்றி யார் புகார் கொடுப்பார்கள்? பதம்சி அதற்குப் பிறகு சினிமா பக்கமே வரவில்லை. தூரிகைக்குத் திரும்பிவிட்டார். இந்தியாவில் ஓவியர்களின் சினிமா என்று ஒரு பரம்பரை வளர்ந்திருக்க வேண்டிய இடத்தில் ஏறக்குறைய முப்பது வருட இடைவெளி விழுந்தது.

இடைவெளியை முதலில் உடைத்தது வீடியோ. ஃபிலிம் கழுவ லேப் தேவையில்லை, பெரிய பணம் தேவையில்லை. 1998 மே மாதம் பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது மாலானி மறுபடி நகரும் படத்துக்கு வந்தார். பிரிவினைக்குப் பிறகு மனநோய் மருத்துவமனைக் கைதிகளையும் இரு நாடுகளும் பங்கு போட்ட கதையை மண்டோ எழுதியிருந்தார். அதை நினைவூட்டும் 'டோபா டேக் சிங் நினைவாக' என்ற படைப்பு, மும்பை கோட்டைப் பகுதியில், அன்று பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் மியூசியம் என்று அழைக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டது. தகர டிரங்குப் பெட்டிகளுக்குள் டி.வி. திரைகள். அகதிகள் தூக்கிக்கொண்டு ஓடிய அதே வகைப் பெட்டிகள். சுவர்களில் பெரிய பிம்பங்கள். புத்தர் சிலையையும் வாள்களையும் பார்க்க வந்த குடும்பங்கள் இதற்குள்ளும் நுழைந்து வெளியே வந்தன. ஆர்ட் காலரியின் கண்ணாடிக் கதவைத் தள்ளத் தயங்குகிறவர்களுக்கும் இந்தக் கலை எட்டிய அபூர்வமான தருணம் அது.

ஆனாலும் ஒவ்வொருவரும் தனித்தனித் தீவுதான். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் பார்க்க வழியில்லை. அந்தச் சமயத்தில்தான், 2003இல், ஷாய் ஹெரேடியா என்ற இளம் பெண் மும்பையில் 'எக்ஸ்பெரிமெண்டா' என்ற விழாவைத் தொடங்கினார். வணிகப் படம் கிடையாது, கதைப் படம் கிடையாது, வழக்கமான டாகுமெண்டரியும் கிடையாது. ஓவியர்களும் கலைஞர்களும் தனி நபர்களாக எடுத்த ஃபிலிம், வீடியோ படங்களுக்கு மட்டும். சினிமா நகரத்தில் சினிமாவுக்கே ஒரு விழா நடத்துவதற்கு இடமில்லை என்பதுபோல் அது சிறிய அரங்குகளில் தொடங்கியது. பின்னர் ஹெரேடியாவோடு சேர்ந்து விழாவும் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது.

அந்த விழா செய்த சாமர்த்தியமான காரியம், புதிய படங்களை மட்டும் காட்டாமல் பழைய படங்களையும் கூடவே காட்டியது. பெட்டர் ரோடு அலமாரிகளில் தூங்கிய பிரமோத் பதியை எழுப்பிக் கொண்டுவந்து இருபது வயது இளைஞர்களுக்கு முன்னால் நிறுத்தியது. வெளிநாட்டைப் பார்த்துக் காப்பியடிக்கிறார்கள் என்று கேலி பேசப்பட்ட தலைமுறைக்கு, தங்களுக்கும் ஒரு பாட்டன் உண்டு என்று தெரிந்தது. அந்தப் பாட்டன் ஓர் அரசு ஊழியர் என்பது அவர்களுக்கு இன்னும் வியப்பு.

மும்பையிலும் வேறு கதவுகள் திறந்தன. 2004இல் மும்பை சர்வதேச டாகுமெண்டரி, குறும்பட விழாவுக்கு வரும் இந்தியப் படங்களுக்கு சென்சார் சான்றிதழ் கட்டாயம் என்ற விதி வந்தபோது டாகுமெண்டரிக்காரர்கள் கொதித்தெழுந்தார்கள். விதி திரும்பப் பெறப்பட்டது. அப்படியும் விலக்கப்பட்டதாக அவர்கள் கருதிய படங்களை எடுத்துக்கொண்டு, பிரபாதேவியில் அரசு விழா நடந்த இடத்துக்கு அருகே பூபேஷ் குப்தா பவனில் 'விகல்ப்' என்ற போட்டி விழாவை நடத்தினார்கள். கூட்டம் அலைமோதியது. அனுமதி கிடைக்காத படத்துக்கும் பார்வையாளர்கள் உண்டு என்று அன்று தெரிந்தது. 2012இல் பிலிம்ஸ் டிவிஷனே பெட்டர் ரோடு கட்டடத்தின் பத்தாவது மாடித் தியேட்டரில் 'எஃப்.டி. ஸோன்' என்ற பெயரில் இலவசக் காட்சிகளைத் தொடங்கியது. தன் வீட்டுப் பொக்கிஷத்தைத் தானே தூசி தட்டிப் பார்த்தது.

பாந்திராவைத் தாண்டி, கார் ரோடு ஸ்டேஷன் வட்டாரத்தில் சுயிம் என்ற பழைய கிராமம் இருக்கிறது. நகரம் வளர்ந்து விழுங்கிய பிறகும் பெயரையும் சந்துகளையும் காப்பாற்றிக்கொண்ட கிராமம். 2007இல் தொடங்கிய 'கேம்ப்' என்ற கலைஞர் குழு, அங்கே ஒரு மொட்டை மாடியில் படம் காட்டத் தொடங்கியது. நம் ஊர் டெண்ட் கொட்டகைக்கு மேலே கூரை இல்லாதது போல. இந்தக் குழுவின் 2013ஆம் ஆண்டுப் படம் ஒன்றில் கேமராமேன்கள் யார் தெரியுமா? கட்ச் வளைகுடாவிலிருந்து ஷார்ஜாவுக்கும் சோமாலியாவுக்கும் மரக்கலங்களில் சரக்கு ஏற்றிப் போகும் மாலுமிகள். கடலில் பொழுதுபோக, தங்கள் செல்போனில் எடுத்து, பிடித்த சினிமாப் பாட்டைச் சேர்த்து, ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட துணுக்குகளையும் சேர்த்துத்தான் 83 நிமிடப் படம் உருவாயிற்று. கலைஞர் யார், சாமானியர் யார் என்ற கேள்வி இங்கே அடிபட்டுப் போகிறது.

பெங்களூரின் இந்திராநகருக்கு வந்தால் வேறு காட்சி. சி.எம்.எச். சாலையில் தலைக்கு மேல் மெட்ரோ ரயில். கீழே நகைக் கடைகள், துணிக் கடைகள், தர்ஷினி ஹோட்டல்கள். இவற்றுக்கு நடுவே இருக்கிறது ஜெர்மன் பண்பாட்டு மையமான மாக்ஸ்முல்லர் பவன். எக்ஸ்பெரிமெண்டாவுக்கு இடம் தந்த வீடு இது. சினிமா நகரத்திலிருந்து கிளம்பிய விழா, மென்பொருள் நகரத்தில் ஒரு ஜெர்மன் நிறுவனத்தின் நிழலில் ஒதுங்கியது.

இப்படிப்பட்ட விழாவில் ஒரு மாலை எப்படி இருக்கும்? ஒரு காட்சி என்பது ஒரு படம் அல்ல. மூன்று நிமிடம், பதினோரு நிமிடம், இருபது நிமிடம் என்று ஐந்தாறு படங்கள். ஃபிலிமில் எடுத்ததை ஃபிலிமிலேயே காட்டும்போது 16 மி.மீ. புரொஜக்டர் பார்வையாளர்களுக்கு நடுவிலேயே நின்று தையல் மிஷின் போல் கடகடக்கும். முதல் படத்தில் சிலர் நெளிவார்கள். இரண்டாவதில் ஒருவர் எழுந்து போவார். மூன்றாவதில் அரங்கம் பழகிவிடும். கதை எங்கே என்று கேட்பதை நிறுத்திவிட்டு, வெளிச்சம் என்ன செய்கிறது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கவனிக்கத் தொடங்கும். கச்சேரியில் ராக ஆலாபனையைக் கேட்பவர் 'கதை என்ன' என்று கேட்பதில்லை அல்லவா? விளக்குப் போட்டதும் படம் எடுத்தவரே முன்னால் வந்து நிற்பார். கேள்விகளும் தயவு தாட்சண்யம் இல்லாமல் வரும்.

குறைகள் இல்லாமல் இல்லை. பேச்செல்லாம் பெரும்பாலும் ஆங்கிலத்தில். வருகிறவர்கள் கலைக் கல்லூரி மாணவர்கள், கட்டடக்கலைஞர்கள், திரும்பத் திரும்ப அதே முகங்கள். வெளிநாட்டுப் பண்பாட்டு மையங்களின் கூடத்தையும் உதவியையும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? விழாவின் செலவுக்கு ஒவ்வொரு முறையும் புதிதாகக் கதவு தட்ட வேண்டும். ஆண்டுதோறும் நடந்தது இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை ஆனது. 2022இல் பிலிம்ஸ் டிவிஷன் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டபோது, அந்தப் பழைய அலமாரிகளின் கதி என்ன என்று படைப்பாளிகள் பலர் கவலைப்பட்டதிலும் நியாயம் உண்டு.

ஹெரேடியாவும் ஷுமோனா கோயலும் சேர்ந்து எடுத்த 'ஐ ஆம் மைக்ரோ' என்ற படம் இந்தக் கவலையையே களமாக்கிக்கொண்டது. கல்கத்தா ஜாதவ்பூரில் நேஷனல் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் என்ற பொதுத்துறைத் தொழிற்சாலை இருந்தது. இந்தியாவிலேயே கேமரா தயாரித்த இடம். மூடப்பட்டு, புழுதி மண்டிக் கிடந்த அந்தக் கூடங்களில் கேமரா ஊர்கிறது. கேமரா செய்த இடத்தைக் கேமராவே வந்து துக்கம் விசாரிப்பது போல. இதே இருவர் ஓவியர் எஃப்.என். சூஸாவைப் பற்றி எடுத்த 'ஆன் ஓல்ட் டாக்ஸ் டைரி' 2015இல் லண்டன் விழாவில் சிறந்த குறும்படப் பரிசைப் பெற்றது. விழா நடத்தியவர்களே விழாவால் உருவானவர்களாகவும் ஆனார்கள்.

ஃபிலிமுக்கு நேர்ந்தது வீடியோவுக்கு நேராது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். குளிர்ந்த, ஈரமில்லாத அறையில் வைத்தால் ஃபிலிம் பல பத்தாண்டுகள் தாங்கும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலே உருவம் தெரியும். 90களிலும் 2000களிலும் கலைஞர்கள் நம்பிய வி.எச்.எஸ்., மினி டி.வி. டேப்புகள் அப்படியல்ல. ஓட்ட மெஷின் இல்லாவிட்டால் அவை வெறும் பிளாஸ்டிக். வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த கடைசிக் கம்பெனியான ஜப்பானின் ஃபுனாய், 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. நம் பருவமழைக் காற்றில் டேப்பில் பூஞ்சை பிடிக்க ஒரு சில வருடம் போதும். ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றியவர்களும் தப்பவில்லை. அதுவும் ஒருநாள் சொல்லாமல் நின்றுபோகும். 1969ஆம் ஆண்டுப் படத்தைவிட 1999ஆம் ஆண்டு வீடியோ இன்று அதிக ஆபத்தில் இருக்கிறது.

இங்கேதான் சிறிய விழாவின் பெரிய உபயோகம் தெரிகிறது. ஒரு படத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் யாராவது அதைத் தோண்டி எடுத்துப் பார்க்க வேண்டும். காட்ட வேண்டுமானால் நல்ல பிரதி ஒன்று தயாராக வேண்டும். கேட்லாக்கில் பெயர், வருடம், நிமிடக் கணக்கு அச்சேற வேண்டும். அரங்கில் எண்பது பேர் பார்த்தால் எண்பது சாட்சிகள். நாளைக்கு அது காணாமல் போனால் 'அந்தப் படம் எங்கே' என்று கேட்க ஆள் இருக்கும். ஆவணக் காப்பகம் செய்ய வேண்டிய வேலையின் முதல் பாதியை இந்த விழாக்கள்தான் செய்கின்றன.

பதம்சியின் தொலைந்த படத்துக்கும் கடைசியில் ஒருவர் வந்தார். 'மிஸ் லவ்லி' எடுத்த அஷிம் அலுவாலியா, வயதான ஓவியரைத் தேடிப் போய், அவர் நினைவிலிருந்து அந்த ஆறு நிமிடங்களைக் கேட்டறிந்து, அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். 2016இல் அது வெனிஸ் விழாவில் திரையிடப்பட்டது. க்ளவுட் சேம்பர் என்பது இயற்பியல் கருவி. கண்ணுக்குத் தெரியாத துகள் கடந்து போகும்போது ஆவியில் ஒரு வெண்கோடு விழும். துகள் போய்விடும், கோட்டை மட்டும் பார்க்கலாம். அலுவாலியாவின் படமும் அப்படி ஒரு கோடுதான். அசல் பிரதி அவருக்கும் கிடைக்கவில்லை. 2020 ஜனவரியில் கோயம்புத்தூரில், 91ஆவது வயதில் பதம்சி காலமானார். தன் படத்தைத் தேடி ஒருவர் வந்தார் என்பதை அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட்டார்.